சோழவந்தான் நகல்

அத்தியாயம் 5

“காலியா இருக்கிறதையும் பத்திரமா நகல் எடுத்து வச்சிருக்காகக்கா. இம்புட்டுப் பொறுப்பான காலேஜை நான் கண்டதே இல்ல” என்றான் காசிமாயன்.

ரோகிணி சிரிக்கவில்லை. கண்கள் கணினித் திரையை விட்டு நகரவில்லை.

விளாங்குடியில் திண்டுக்கல் சாலையை ஒட்டி நின்ற அந்தப் பொறியியல் கல்லூரியிலேயே குளிர்ச்சியான இடம் அதன் சர்வர் அறைதான். அதனால் அங்கே சர்வர்களுக்குத்தான் இடம் குறைவு. ஒரு மூலையில் கேன்டீனின் தயிர் வாளி. எதிர் மூலையில் முதல்வர் மதியம் கண்ணயரும் ஈஸிசேர். ரேக்கின் மேல் தட்டில், சாயங்காலப் பூஜைக்காகத் தாளாளரின் மனைவி அனுப்பிவைத்த மூன்று கிலோ மல்லிகை. உள்ளே நுழைந்ததும் காசிமாயன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அவன் உசிலம்பட்டிக்காரன். இரண்டு வருடத்துக்கு முன்பு ரோகிணியின் ஸ்கூட்டரை ரிப்பேர் செய்ய வந்தவன், ஸ்கூட்டர் சரியான பிறகும் போகவில்லை. ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு, டவுன் ஹால் ரோட்டு மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டிருந்த ரோகிணிக்கும் கார் ஓட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. வாய் அவனோடு இலவசமாக வந்தது.

அவர்களைக் கூட்டி வந்தவள் தமிழ்வாணி. பெண்கள் விடுதியின் வார்டன். விடுதியில் முப்பத்தெட்டு மாணவிகளுக்கு மஞ்சள் காமாலை. ஒருத்தி இன்னும் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். நான்கு மாதமாகத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி அறுபத்தொரு புகார் எழுதியதாகத் தமிழ்வாணி சொன்னாள். ஒன்றுகூட வரவில்லை என்று நிர்வாகம் சொன்னது. காகிதப் புகார் செல்லாது, கணினியில்தான் போட வேண்டும் என்பது கல்லூரி விதி. அந்தக் கணினிக் கோப்புறை இப்போது துடைத்துவிட்டதுபோல் காலி. அதன் பேக்கப்பும் காலி. ஆகவே புகார் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆகவே மாணவிகளின் உடல்நிலையை மேலிடத்துக்குத் தெரிவிக்காத குற்றம் வார்டனுடையது. விசாரணை இன்று வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு.

“விசாரணைக்குக் கூப்பிட்ட மெமோவைக் குடுங்க” என்று ரோகிணி கையை நீட்டினாள். தமிழ்வாணி கொடுத்தாள்.

காசிமாயன் எட்டிப் பார்த்து வாசித்தான். “‘திரு / திருமதி / செல்வி தமிழ்வாணி அவர்களுக்கு. பொருந்தாததை அடிக்கவும்.’ எதையுமே அடிக்கலையே. மூணும் பொருந்துதுன்னு முடிவு பண்ணிட்டாரு போல.”

“நிர்வாக அலுவலர் ராஜபாண்டி அனுப்பினது. அவர் எல்லாமே படிவப்படிதான் செய்வாரு” என்றாள் தமிழ்வாணி. மூன்று நாளாகத் தூங்காத முகம்.

ரோகிணி மெமோவைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு நாற்காலியைத் திருப்பி, கணினி நிர்வாகி கோகுல்நாத்தைப் பார்த்தாள். முப்பது வயது இருக்கும். மொட்டைத் தலையில் மூன்று நாள் முடி.

“கோகுல், இவனுக்கும் புரியிற மாதிரி சொல்லுங்க.”

“எங்களுக்கு மூணு வளாகம் மேடம். விளாங்குடி, அழகர்கோவில் ரோடு, சோழவந்தான். மூணு இடத்துலயும் ஒவ்வொரு சர்வர். யாரு எங்கேருந்து திறந்தாலும் ஒரே அலமாரி மாதிரித் தெரியும். அலமாரியில ஒவ்வொரு தட்டையும் வால்யூம்னு சொல்லுவோம். விடுதிப் புகார் ஒரு வால்யூம்.”

“சத்தம் வராத வால்யூம்” என்றான் காசிமாயன்.

“ராத்திரி ரெண்டு மணிக்கு ஒவ்வொரு வால்யூமையும் தானாவே பேக்கப் எடுத்துரும். புதுசு எடுத்தா பழைய பேக்கப் போயிரும். எப்பவும் ஒண்ணுதான் இருக்கும். அது போக, ஞாயித்துக்கிழமை ஒருக்கா மத்த ரெண்டு ஊர் சர்வருக்கும் முழு நகல் அனுப்புவோம். அதுக்குப் பேரு ரிலீஸ்.”

“எங்க ஊர்ல வெள்ளிக்கிழமைதேன் ரிலீஸ்.”

“காசி” என்றாள் ரோகிணி. அவன் வாயை மூடினான். “இப்ப பிரச்சினை என்ன கோகுல்?”

“மூணு ராத்திரியா இந்த ஒரு வால்யூமுக்கு மட்டும் பேக்கப் ஓட மாட்டேங்குது மேடம். பூட்டிக்கிடக்குன்னு பிழை காட்டுது. ஏன்னு தெரியலை.”

“கடைசியா ஓடினது எப்ப?”

கோகுல்நாத் பட்டியலைக் கீழே தள்ளினான். நூற்றுப்பத்து வால்யூம்களுக்கும் இன்று அதிகாலை இரண்டு மணி, இரண்டு மணி என்று வரிசையாக இருந்தது. விடுதிப் புகாருக்கு மட்டும் செவ்வாய், காலை பதினொரு மணி பன்னிரண்டு நிமிடம்.

“ராத்திரி வேலை பகல்ல நடந்திருக்கு” என்றாள் ரோகிணி. “யாரோ முதல்ல புகாரையெல்லாம் அழிச்சிருக்காங்க. உடனே கையால ஒரு பேக்கப் எடுத்திருக்காங்க. காலித் தட்டுக்குப் பேக்கப். அதோட முந்தின ராத்திரி பேக்கப்பும் போச்சு.”

“சரி. பூட்டு எதுக்குக்கா?”

“அதோட நிக்கலை. அடுத்த வரியைப் பாரு, மத்த ஊர் நகலையும் காலியாக்க ரிலீஸ் கொடுத்திருக்காங்க. அது ஓடும்போது வேற யாரும் தொடாம இருக்க வால்யூம் தானா பூட்டிக்கும். முடிஞ்சதும் திறந்துக்கும். இது முடியலை, பாதியில நின்னுபோச்சு. பூட்டு அப்படியே கிடக்கு. அதனால ராத்திரி பேக்கப் ஓடலை. ஓடியிருந்தா அந்தப் பதினொன்று பன்னிரண்டும் அழிஞ்சு, இதுவும் ரெண்டு மணின்னு ஆகியிருக்கும்.”

காசிமாயன் யோசித்தான். “அப்ப நல்லா வேலை செஞ்சிருந்தா திருடன் தப்பிச்சிருப்பான். கெட்டுப்போனதுனால மாட்டிக்கிட்டான்.”

“இன்னும் மாட்டலை. கோகுல், அந்தக் கட்டளையை யார் கொடுத்ததா பதிவாகியிருக்கு?”

கோகுல்நாத் மொட்டைத் தலையைத் தடவினான். “என் பேர்லதான் மேடம். ஆனா நான் திங்கள்லருந்து புதன் வரைக்கும் லீவு. செவ்வாய்க்கிழமை அழகர்கோவில்ல என் பொண்ணுக்குக் காது குத்து. நானும் மொட்டை போட்டுக்கிட்டேன். கிளம்புற அவசரத்துல இந்த மிஷினைப் பூட்டாமப் போயிட்டேன்.”

சர்வர் அறைக்கு வருகிறவர்களை நினைத்துப் பார்த்தால், தயிர்க்காரர் முதல் முதல்வர் வரை பாதிக் கல்லூரியைச் சந்தேகப்படலாம்.

ரோகிணி பதிவின் கடைசிக் கட்டத்தை விரலால் தொட்டாள். ‘காரணம்’ என்று தலைப்பிட்ட கட்டம். அதிலிருந்த ஒரு வரியைப் படித்தாள். அன்று முதல் முறையாகச் சிரித்தாள்.

“என்னக்கா?”

“பிறகு சொல்றேன்.” அவள் திரையையும் படம் எடுத்தாள். எழுந்துபோய்ச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தையும் படம் எடுத்தாள். ‘சர்வர் இயக்கும் முறை, பக்கம் 1.’ தான் இல்லாத நேரத்துக்காகக் கோகுல்நாத் எழுதி ஒட்டியது. எதை அழுத்த வேண்டும், எந்தக் கட்டத்தில் எதைத் தட்ட வேண்டும் என்று வரி வரியாக இருந்தது. கடைசியில் ‘பூட்டிக்கொண்டால் என்ன செய்வது? பக்கம் 2 பார்க்க’ என்றிருந்தது.

பக்கம் இரண்டு சுவரில் இல்லை. காசிமாயன்தான் கண்டுபிடித்தான். மல்லிகையில் கால் கிலோ அதில் பொட்டலமாகியிருந்தது.

“அந்த ரிலீஸ் எங்க நின்னுச்சு?” என்று ரோகிணி கேட்டாள்.

“அழகர்கோவில் ரோட்டுக்குப் போயிருச்சு மேடம், அங்கேயும் காலி. சோழவந்தானுக்குப் போகலை. அந்த சர்வர் திங்கள்லருந்து பதிலே சொல்லலை. அதுல போன ஞாயித்துக்கிழமை நகல் அப்படியே இருக்கணும்.”

தமிழ்வாணி நிமிர்ந்தாள். “அறுபத்தொண்ணுமா?”

“ஞாயிறு வரைக்கும் எழுதினது எல்லாம்.”

“கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்” என்றது கதவோரத்தில் ஒரு குரல். நிர்வாக அலுவலர் ராஜபாண்டி. மடிப்புக் கலையாத சட்டை, கக்கத்தில் கோப்பு. “வெளியாட்கள் உள்ளே நுழைய வருகைப் படிவம் பூர்த்தி செய்ய வேண்டும். நீங்கள் செய்யவில்லை. கோகுல்நாத், சோழவந்தான் இணைப்பை உடனே சரிசெய்து, நின்றுபோன பணியை முடித்து அறிக்கை தரவும்.” சொல்லிவிட்டுப் போய்விட்டார். வராந்தாவில் போகும்போதே போனைக் காதில் வைத்தார்.

கோகுல்நாத் ரோகிணியின் பக்கம் திரும்பினான். “இணைப்பு வந்து நான் மறுபடி ரிலீஸ் கொடுத்தா சோழவந்தானும் காலியாயிரும் மேடம். எழுத்துல கொடுத்தார்னா நான் செஞ்சாகணும்.”

“எம்புட்டு நேரம் இழுப்பீக?” என்றான் காசிமாயன்.

“பக்கம் ரெண்டைக் காணோம்னு தேடுறேன். ஒரு மணி நேரம்.”

காசிமாயன் மல்லிகைப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். “நல்லாத் தேடுங்கண்ணே.”

சமயநல்லூர் தாண்டி, தேனூர் தாண்டி, வைகையை ஒட்டிய ரோட்டில் காசிமாயன் காரை விரட்டினான். எதிரே வெற்றிலைக் கூடை ஏற்றிய வண்டிகள். சோழவந்தான் வளாகம் என்பது வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே ஒற்றைக் கட்டடம். விவசாயத் தொழில்நுட்பம் என்று ஒரு படிப்பு ஆரம்பித்து, நான்கு பேர் சேர்ந்து, அதில் மூன்று பேர் ஓடிப்போனதும் மூடிவிட்டார்கள். விளம்பரத்தில் மட்டும் இன்னும் ‘நாற்பது ஏக்கர் பசுமை வளாகம்’ இருந்தது. நாற்பது ஏக்கரும் பக்கத்துத் தோட்டக்காரர்களுடையது.

வாட்ச்மேன் நல்லகாமன் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது.

“அண்ணே, கம்ப்யூட்டர் பொட்டி எங்க இருக்கு?”

“உள்ளதேன். இப்பத்தேன் ஆபீசரு போன் பண்ணாரு. நீல வயரைப் பொட்டியில சொருவுன்னாரு. சொருவிட்டேன்.”

காசிமாயன் உள்ளே ஓடினான். ஓர் இருட்டறையில் சர்வர் உறுமிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்து வெப்பக் காற்றில் முறத்தில் மோர் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. நீல வயர் பெட்டியில் செருகியிருந்தது. அவன் ஒரே பாய்ச்சலில் அதைப் பிடுங்கினான்.

பிடுங்கிய வயர் அவன் கையில் நிற்கவில்லை. மறுமுனையில் யாரோ வெடுக்கென்று இழுத்தார்கள். வயர் ஜன்னல் வழியாக வெளியே பாய்ந்தது.

“அக்கா! ஆளு இருக்கான்! பின்பக்கம்!”

இருவரும் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். பின்பக்கம் அகத்தி நிழலில் ஒரு கறுப்பு வெள்ளாடு நின்று அவர்களை ஏற இறங்கப் பார்த்தது. அதன் கழுத்தில் நீல வயர் சுற்றி முடிச்சிட்டிருந்தது.

நல்லகாமன் மெதுவாக நடந்து வந்து சேர்ந்தார்.

“இது என்னண்ணே?” என்றான் காசிமாயன் மூச்சிரைக்க.

“ஆடு.”

“அது தெரியுது. நெட்வொர்க்கு வயரு அது கழுத்துல எப்படி வந்துச்சு?”

“திங்கக்கிழமை மச்சினன் வீட்டுலருந்து ஓட்டியாந்தேன். கட்டக் கயிறு இல்ல. இந்த வயரு சும்மாதேன கெடக்குன்னு நடுவுல வெட்டிக் கட்டுனேன்.”

“அப்ப ஆபீசர் சொன்னது?”

“பொட்டியில சொருவச் சொன்னாரு. ஆடு பக்கத்துலதேன் நிக்குதுன்னு இந்த முனையைச் சொருவிட்டேன். அந்த முனை எங்க இருக்குன்னு அவரு கேக்கலையே.”

ரோகிணி ஆட்டின் தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு உள்ளே போய் மடிக்கணினியை நேராகச் சர்வரில் இணைத்தாள். கோகுல்நாத் போனில் வழி சொன்னான். விடுதிப் புகார் திறந்தது. ஒன்று, இரண்டு, பத்து, நாற்பது, அறுபத்தொன்று.

காசிமாயன் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தான். கண் ஒரு கோப்பில் விழுந்தது. ‘புகார் 23. மூன்றாம் மாடி, அறை 14. மாணவிக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது. குழாயில் புழு வருகிறது. தொட்டியை ஒருமுறை நேரில் வந்து பார்க்கும்படி ஏழாவது தடவையாகக் கேட்டுக்கொள்கிறேன்.’ அவன் அடுத்ததைப் படித்தான். அதற்கடுத்ததையும்.

“மூணு மணிக்குப் போய்ச் சேரணும்” என்றாள் ரோகிணி. “பெட்டியை அப்படியே கழட்டு. அண்ணே, நீங்களும் சாட்சி சொல்ல வாங்க.”

“ஆட்டையும் ஏத்துனாத்தேன் வாரேன்” என்றார் நல்லகாமன்.

விசாரணை அறையில் பளபளக்கும் நீள மேஜை. ஆளுக்கொரு புட்டித் தண்ணீர். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி கனகலட்சுமி. வெளியிலிருந்து ஓர் ஆளை வைத்தால் மரியாதையாக இருக்கும் என்று நிர்வாகமே தேடிப் பிடித்த தலைவர். பக்கத்தில் தாளாளர், வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு. ஓரத்தில் முதல்வரும் ராஜபாண்டியும். எதிரே தனி நாற்காலியில் தமிழ்வாணி.

காசிமாயன் சர்வரை மேஜை மேல் வைத்தான். ரோகிணி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். கனகலட்சுமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் படித்தார்.

“அழித்தது யார்?” என்றார் கடைசியில்.

“பதிவில் கோகுல்நாத் பெயர் தெளிவாக உள்ளது” என்று ராஜபாண்டி முந்திக்கொண்டார்.

“ஆமா” என்றாள் ரோகிணி. “ஒவ்வொரு கட்டளைக்கும் காரணம் எழுதணும்னு ஒரு கட்டம் இருக்கு அம்மா. கோகுல்நாத் இதுவரைக்கும் நானூறு தடவை எழுதியிருக்கார். ‘டிஸ்க் மாத்தினேன்’, ‘மின்வெட்டு’ அப்படி. செவ்வாய்க்கிழமை பதினொன்று பன்னிரண்டுக்கு என்ன எழுதியிருக்குன்னு நீங்களே வாசிங்க.”

ரோகிணி நீட்டிய போன் படத்தை நீதிபதி வாசித்தார். “‘காரணத்தை இங்கே எழுதவும்.’”

ரோகிணி போனில் அடுத்த படத்தைத் தள்ளிக் காட்டினாள்.

“சுவர்ல ஒட்டின செய்முறையில அந்த வரி அப்படியே இருக்கு. அதை எழுதின கோகுல்நாத் அதையே பார்த்து அச்சுப் பிசகாம தட்ட மாட்டார். காகிதத்துல என்ன இருந்தாலும் ஒரு எழுத்தைக்கூட மாத்தாத ஆள்தான் தட்டுவார்.” ரோகிணி மெமோவை மேஜையில் வைத்தாள். “திரு, திருமதி, செல்வி. மூணுல ஒண்ணைக்கூட அடிக்காத ஆள்.”

“படிவத்தில் உள்ளதை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது!” என்றார் ராஜபாண்டி, அடிபட்டவர்போல்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. தாளாளர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ராஜபாண்டி! நீயா? இப்படியொரு காரியத்தை என் கல்லூரியில் செய்ய உனக்கு எப்படி மனசு வந்தது? இப்போதே உன்னைப் பணிநீக்கம் செய்கிறேன்!”

ஆள் அகப்பட்டான், கதை முடிந்தது என்று காசிமாயன் நினைத்தான். ராஜபாண்டியின் முகத்தில் பயம் இல்லை. இருபத்தாறு வருடப் பணியில் யாரும் செய்யாத அவமானத்தைச் செய்துவிட்டார்கள் என்ற வேதனைதான் இருந்தது.

“ஆணை இல்லாமல் நான் ஒரு குண்டூசியைக்கூட நகர்த்தியது கிடையாது ஐயா” என்றார். கக்கத்துக் கோப்பைத் திறந்து, பச்சைக் காகிதம் ஒன்றை உருவி, நீதிபதியின் முன் நேராக வைத்தார். “படிவம் பதினான்கு. ஆவணம் அழித்தல் கோரிக்கை. வாய்மொழியாகச் சொன்னார்கள், முடியாது என்றேன். பூர்த்தி செய்து கொடுத்தார்கள். செய்தேன்.”

கனகலட்சுமி படித்தார். கோருபவர்: தாளாளர். கையொப்பம், முத்திரை, தேதி எல்லாம் இருந்தன. காரணம் என்ற கட்டத்தைத் தாளாளர் ஒழுங்காகவே நிரப்பியிருந்தார், தன் கையெழுத்தில்: ‘சுகாதார ஆய்வு வருவதற்குள் தண்ணீர்ப் புகார்கள் இருக்கக் கூடாது.’

“இரண்டு பிரதி இருக்கிறது” என்றார் ராஜபாண்டி. “ஒன்று தங்களுக்கு.”

அதன் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தாளாளர் வக்கீலுக்குப் போன் போட்டார். நீதிபதி கதவைச் சாத்தச் சொன்னார். படிவம் பதினான்கு செல்லுமா என்று முதல்வர் யாரிடமோ கேட்டார். நல்லகாமன் தன்னை யாராவது சாட்சி கேட்பார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

தமிழ்வாணி மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தாள். யாரும் கவனிக்கவில்லை. காசிமாயன் பின்னாலேயே போனான்.

“எங்கக்கா போறீக? ஜெயிச்சிட்டீக. உக்காந்து பாக்க வேணாமா?”

“நாலேகாலுக்கு கிளாஸ் விடும்” என்றாள் அவள் படிகளை இரண்டிரண்டாகத் தாவிக்கொண்டே. “புள்ளைங்க வந்ததும் குழாய்லதான் வாயை வைக்கும். இன்னிக்கும் அதே தொட்டித் தண்ணிதான் வருது.”

விடுதி மொட்டை மாடியில் வெயில் கொதித்தது. தொட்டியின் அடியில் துருப்பிடித்த வால்வு. தமிழ்வாணி இரண்டு கையாலும் திருகினாள். அசையவில்லை. காசிமாயன் அவளை நகர்த்திவிட்டு, சட்டையைக் கழற்றிச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, பட்டறையில் பழகிய தோளை அதில் கொடுத்தான். சட்டைப் பையிலிருந்த மல்லிகை நசுங்கியது. கிரீச்சென்று ஒரு சுற்று. இன்னொன்று. இருவரும் சேர்ந்து பிடித்தார்கள். கடைசிச் சுற்றில் குழாய் ஒருமுறை உதறி அடங்கியது.

கீழே மணி அடித்தது. செருப்புச் சத்தமும் பேச்சுமாக மாணவிகள் வரும் ஓசை. குழாயைத் திருகும் சத்தம், குழாயின் இரண்டு மூன்று இருமல், பிறகு ஒன்றுமில்லை.

“மேம்!” என்று ஒருத்தி முற்றத்திலிருந்து அண்ணாந்து கத்தினாள். “தண்ணி வரலை மேம்!”

தமிழ்வாணி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். துருவேறிய கையால் கண்ணைத் துடைத்தாள்.

“வராதும்மா” என்றாள். “இனிமே அது வராது.”